வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை

பூவம்மாளின் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் புருஷன் செத்த காலையில் அவள் பேசிய பேச்சைக் கேட்டு நீங்கள் அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டியிருந்த தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் குடியிருப்பில் அந்த வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அதே சமயம் யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் முதல் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் போகும். கூடவே நாலு வசவும் போகும். வசவைக் காதில் வாங்காமல் கஞ்சியைக் குடிக்கத் தெரிந்தவர்கள் அவளோடு நன்றாகவே பிழைத்தார்கள்.

சாமுவேல் அப்படித்தான் அவளோடு இருபது வருஷத்துக்கு மேல் பிழைத்தான். ஒரு மாதமாக நெஞ்சுச் சளி. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரிலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் வருஷக்கணக்கில் நின்றவன், கடைசி நாலைந்து நாள் எழுந்திருக்க முடியாமல் பாயில் கிடந்தான். அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூவம்மாள் கஞ்சி வைத்து, ஆற்றி, எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

"கஞ்சி ஆறுறதுக்குள்ள போய்ட்டியா? அப்படி இன்னா அவசரம் உனக்கு? எங்க போனாலும் சொல்லிட்டுப் போற பழக்கமே கிடையாதே!"

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் இந்தச் சத்தத்தைக் கேட்டு, வழக்கமான சண்டை என்றுதான் முதலில் நினைத்தாள். புருஷன் இல்லாத ஒண்டிக்கட்டை அவள். கதவைத் திறந்து வந்து பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். பூவம்மாளுக்கு அழுகை வரவில்லை. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாமுவேலின் திறந்திருந்த வாயைத் துணியால் கட்டினாள். அப்புறம், "நீ இங்கயே இரு. நான் உபதேசியார் வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன்," என்று கிளம்பினாள்.

"உபதேசியார் வூட்டுக்கு எதுக்கு? மொதல்ல உன் மூத்தாருக்குச் சொல்லி அனுப்பணும்."

"அதுவும் சொல்லி அனுப்பு. நான் அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

அந்த வாக்கு இரண்டு நாளைக்கு முன்பு கொடுத்தது. இருமலுக்கு நடுவில் சாமுவேல், "புள்ள, என்னை நம்ம தோட்டத்துல வெச்சிடு," என்றான்.

"தோட்டமா? உங்கப்பன் வெச்சிட்டுப் போன மாந்தோப்பா?"

"கல்லறைத் தோட்டம்."

வேறொரு நாளாக இருந்தால் பூவம்மாள் இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள். அன்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாள். அவன் அவளிடம் வாய்விட்டுக் கேட்டவை மிகவும் குறைவு. அதனால் இந்தச் சரி அவளுக்குக் கனமாக இருந்தது.

சாமுவேல் பிறக்கும்போது சாமுவேல் இல்லை, கோதண்டன். கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் மிஷன் கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வேறு பேரோடு வீட்டுக்கு வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "கூப்ட்டாரு, போனேன்" என்றான். "நான் கூப்ட்டா மட்டும் உன் காது கேக்காது" என்றாள் பூவம்மாள். அவளை அவன் வற்புறுத்தவில்லை. அவளும் மாறவில்லை. கங்கையம்மன் திருவிழாவுக்குக் கூழ் ஊற்றுவதை அவள் ஒரு வருஷமும் விட்டதில்லை. அந்தக் கூழை சாமுவேல்தான் நின்று கிண்டிக் கொடுப்பான்.

உபதேசியார் ஏசாயா வெள்ளிக்கிழமைகளில் சுற்று ஊர்களுக்குப் போய்விடுவது வழக்கம். போதகர் வேலூரிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்றபடி நல்லது கெட்டது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. பூவம்மாள் போய்ச் சேர்ந்தபோது அவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குடையை வைத்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவர்.

"ஆண்டவர் ஆறுதல் தரட்டும்மா. வூட்டுக்கு வந்து ஜெபம் பண்றேன். ஆனா கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் கேக்காதீங்க."

"ஏன்? அவரு உங்க ஆளுதான?"

"எங்க ஆளுன்னு எதை வெச்சு சொல்றது? ஒரு ஞாயித்துக்கிழமை கோயில்ல பாத்ததில்லையே. பேரை மட்டும் மாத்திக்கினு, வாழ்றது ஒரு பக்கம், சாவு வந்தா இந்தப் பக்கம்னு பல பேரு வந்து, தோட்டத்து வாசல்ல மேளத்தை வெச்சிக்கினு சண்டை நடந்திருக்கு. அதான், வராதவங்களுக்கு இடமில்லைன்னு சபையில எல்லாரும் கூடி முடிவு பண்ணி வெச்சிருக்கோம்."

"ஞாயித்துக்கிழமை ஷாப்பு இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஷாப்புகள் எல்லாம் முஸ்லிம் முதலாளிகளுடையவை, வெள்ளிக்கிழமைதான் லீவு. சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பச்சைத் தோல் சாயங்காலம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை அதை அலசிச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்காவிட்டால் அழுகிவிடும். சாமுவேல் தொட்டி ஆள். ஞாயிறு அவனுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள்.

"மத்தவங்க ஒரு வாரம் இல்லாட்டி ஒரு வாரம் ஷாப்புல சொல்லிட்டு வந்துடறாங்களே. சரி, வர முடியலைன்னே வெச்சிக்குவோம். பிடி அரிசியாவது குடுத்திருக்கலாம் இல்ல? எங்க வூட்டம்மா வாரா வாரம் வந்து கேட்டு, கேட்டு, இல்லைன்னு சொல்லித்தான அனுப்பினீங்க?"

பூவம்மாளுக்கு எந்தப் பேச்சுக்கும் பதில் உண்டு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பேச்சுக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பிடி அரிசி அந்தச் சபையின் பழக்கம். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட வேண்டும். உபதேசியாரின் மனைவி வந்து அதை வாங்கிக்கொண்டு போவாள். சபையின் ஏழை எளியவர்களுக்கு அது போகும். சாமுவேல் வேலைக்குக் கிளம்புமுன் தன் கையாலேயே அந்த ஒரு பிடியை எடுத்துப் போட்டுவிட்டுப் போவான். ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிப் பழுப்பான கை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத பழுப்பு.

"நமக்கே வாய்க்கும் வயித்துக்கும் எட்டலை. இதுல தானமா?" என்று பூவம்மாள் கத்துவாள். அவன் பதில் பேசாமல் போய்விடுவான். அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் அவள் கலயத்தைக் கவிழ்த்து அந்த அரிசியைத் திரும்ப உலையிலேயே போட்டுவிடுவாள். இதை அவள் திருட்டு என்று நினைத்ததே இல்லை. குடும்பம் நடத்துவது என்று நினைத்தாள்.

அவள் வீட்டுக்கு வருவதற்குள் அக்கரையிலிருந்து ஆதிகேசவன் வந்துவிட்டான். சாமுவேலின் அண்ணன். மேளத்துக்கு ஆள் சொல்லி, மூங்கில் வெட்டச் சொல்லி, கையோடு எல்லாம் ஏற்பாடு செய்துகொண்டே வந்திருந்தான். தம்பியின் காலைப் பிடித்து அழுதவன், பூவம்மாளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கோயில்காரங்க இன்னா சொன்னாங்க?"

"இடமில்லைன்றாங்க மாமா."

"பாத்தியா! பேரைக் கூட மாத்திக்கினான், கடைசியில ஒரு குழிக்கு வக்கில்லை. விடும்மா. இவன் எங்க கோதண்டன். எங்கப்பன் பக்கத்துல வெச்சிடறேன். மேளம் அடிச்சு, பூ இறைச்சு, ராஜாவாட்டம் தூக்கினு போறேன்."

ஆதிகேசவன் தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவன். அவன் சொன்னதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. பூவம்மாளுக்கும் அதுதான் பழகின வழி. தலையை ஆட்டிவிட்டால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அவள் ஆட்டவில்லை.

"கொஞ்சம் பொறு மாமா. உபதேசியார் ஜெபம் பண்ண வர்றேன்னாரு. வந்துட்டுப் போவட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்கே தெரியலை."

வெயில் ஏறியது. கெங்கம்மாள் சாமுவேலுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள், உயிரோடு இருப்பவனுக்கு விசிறுவதுபோல. பூவம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து யோசித்தாள். இவன் நிஜமாகவே அந்த ஆண்டவரை நம்பினானா? நம்பினான் என்று அடித்துச் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? படிக்கத் தெரியாது. பாட்டு என்று ஒன்று முனகுவான், ராகம் எங்கேயோ போகும். வேலைக்குப் போகுமுன் அடுப்பங்கரையில் குந்தி என்னவோ சொல்லுவான், இவள் புகையோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். கோபம் வந்தால் அவனும் கெட்ட வார்த்தை பேசுவான், பேசிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். இதையெல்லாம் கொண்டுபோய் உபதேசியாரிடம் வைத்தால் அவர் சிரிப்பார்.

போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை விஷயம் வேறு இருந்தது.

லீவு நாளில் எல்லா ஆண்பிள்ளைகளும் அழுக்கு வேட்டியோடு தூங்குவார்கள். சாமுவேல் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கே என்றால், "தோ, இப்படிக்கா" என்பான். வெயில் சாய்ந்த பிறகுதான் வருவான். கள்ளுக்கடையோ என்று பூவம்மாள் மோந்து பார்த்தாள், வாடை இல்லை. கள்ளு இல்லையென்றால் பெண்பிள்ளைதான் என்று முடிவுகட்டினாள். பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. "வந்தாரய்யா எங்க வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை! இன்னிக்குப் பொண்ணு வூட்ல இன்னா விருந்து?" என்று கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே சோற்றுக்கு உட்காருவான். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் எரியவைக்கும். பிள்ளையில்லாத வீட்டில் புருஷனை இன்னொருத்திக்குப் பங்கு கொடுத்துவிட்டோம் என்ற வேதனையை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். எவளாவது மூலையில் நின்று அழுகிறாளா என்று வந்த கூட்டத்தில் ஒரு கண் வைத்திருந்தாள்.

உபதேசியார் மனைவியோடு வந்தார். ஜெபம் செய்தார். நல்ல ஜெபம்தான், ஆனால் அதில் சாமுவேல் இருந்த மாதிரி பூவம்மாளுக்குத் தோன்றவில்லை. ஆமென் சொன்ன கையோடு ஆதிகேசவன், "ஆச்சா? நாங்க தூக்கலாமா?" என்றான். வெளியே மேளக்காரர்கள் மேளத்தின் தோலைக் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்தினார்கள்.

அப்போதுதான் கலீமுல்லா மேஸ்திரி வந்தார். சாமுவேல் வேலை செய்த ஷாப்பின் மேஸ்திரி. தொழுகைக்குப் போட்ட வெள்ளைக் குல்லாவோடு வேகமாக வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இப்பத்தான் கேள்விப்பட்டேன் தங்கச்சி. ஜும்மாவுக்குப் போறப்பவே நெனைச்சேன். இன்னிக்கு வாசப்படி காலியா இருந்துச்சு. நம்ம தோஸ்துக்கு உடம்பு ஜாஸ்தி ஆயிடுச்சோன்னு மனசு அடிச்சுக்கிச்சு."

"எந்த வாசப்படி பாய்?" என்றாள் பூவம்மாள்.

"கோயில் வாசப்படிதான். உங்க மிஷன் கோயில். பள்ளிவாசலுக்குப் போற வழியில இருக்குதே. வெள்ளிக்கிழமையானா இவன் அங்கதான குந்தினு இருப்பான். எத்தனையோ வருஷமாப் பாக்கறேன்."

உபதேசியார் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். "வெள்ளிக்கிழமை கோயில் பூட்டியிருக்குமே. நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

"பூட்டித்தான் இருக்கும். அதுக்கு இவன் இன்னா பண்ணுவான்? இவனுக்கு லீவு அன்னிக்குத்தான். ஒரு நாளு நானே கேட்டேன், இன்னாடா, பூட்டின கதவைப் பாத்துக்கினு பைத்தியமாட்டம் குந்தினு இருக்கியேன்னு. 'வூட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு பாய். கதவு பூட்டியிருந்தா இன்னா, பக்கத்துல குந்தினா போதும்'னான். அதுக்கப்புறம் நான் கேக்கலை. போறப்ப ஒரு சலாம், வர்றப்ப ஒரு சலாம். அவ்ளோதான்."

பூவம்மாள் சாமுவேலின் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் வைத்த தலையோடு, வெளுத்த வேட்டியோடு அவன் கிளம்பின அத்தனை வெள்ளிக்கிழமைகளும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. வெயிலில் அந்தப் படியில் தனியாக உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, இவள் ஏசின ஏச்சுக்கெல்லாம் சிரித்திருக்கிறான். அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதற்கும் ஏசியிருப்பாள், அதுவும் உண்மைதான். அவன்மேல் கோபமும், அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் ஒன்றாக வந்தன.

உபதேசியார் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, "அப்படின்னா... பிடி அரிசி மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்தார்.

"அரிசியைப் பத்திப் பேசாதீங்க!" என்று பூவம்மாள் எழுந்துவிட்டாள். வெளியே நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "அவரு தினம் போட்டாரு. ஒரு நாளு விடாம தன் கையால போட்டாரு. எடுத்து உலையில போட்டது நான். உங்க வூட்டம்மா வந்து கேட்டப்ப இல்லைன்னு சொன்னதும் நான். போதுமா? இந்தக் கூட்டத்துக்கு முன்னால சொல்லிட்டேன். இதுக்காக அவரைத் தெருவுல விட்றாதீங்க. தண்டனை குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க."

பூவம்மாள் ஒருவரிடம் கெஞ்சி அந்தத் தெரு பார்த்ததில்லை.

உபதேசியாரின் மனைவி மெதுவாகக் கேட்டாள். "அவருக்கு இது தெரியாதாம்மா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? அவரு போனப்புறம்தான..." என்று ஆரம்பித்த பூவம்மாள் அப்படியே நின்றாள். மறுநாள் காலை அவன் கை விட்ட கலயம் காலிக் கலயம். அதற்கு மறுநாளும் காலிக் கலயம். வருஷக்கணக்கில் விடிந்ததும் காலிக் கலயத்தைப் பார்த்து, அதில் ஒரு பிடி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு நாளும் 'நேத்துப் போட்டது எங்க' என்று கேட்டதில்லை.

"தெரிஞ்சுதான் போட்டிருக்காரும்மா," என்றாள். குரல் இறங்கிப்போயிற்று. "தினம் காலியாத்தான இருந்திருக்கும். பாத்துக்கினேதான் போட்டிருக்காரு."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "குழி வெட்டச் சொல்றேன்," என்றார். "போதகர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். சபை மூப்பருங்க கேட்டாலும் நானே சொல்லிக்கிறேன்."

இனி ஆதிகேசவன் சண்டைக்கு வருவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் தம்பியின் பழுப்பேறின கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இவன் மனசு அங்க இருந்தா நான் இழுத்துக்கினு போய் இன்னா பண்றது?" என்றான் கடைசியில். "மேளத்தைத் திருப்பி அனுப்பிடறேன். ஆனா தோள் நான்தான் குடுப்பேன். அதுக்கும் உங்க சபையில முடிவு எதனா வெச்சிருக்கீங்களா?"

"இல்லை," என்றார் உபதேசியார். "முன்னால நீங்களே புடிங்க."

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கம் பூவம்மாளின் சனத்தில் இல்லை. அவள் செருப்பில்லாத காலோடு கிளம்பியதும் கெங்கம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். "பொம்பளை அங்கெல்லாம் போவக் கூடாதுடி."

"அவரு என்னை வெச்சிடுன்னாரு. நான்தான வெக்கணும்?"

கெங்கம்மாள் கையை விட்டாள். திட்டிக்கொண்டே தானும் கூட நடந்தாள். பிணம் கிடக்கும் தெருவில் அடுப்பு மூட்டுவதில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கெங்கம்மாள் வாயில் படவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் குழி. இறக்கினார்கள். கலீமுல்லா மேஸ்திரி சற்றுத் தள்ளிக் கைகட்டி நின்றார். உபதேசியார் வேதத்திலிருந்து வாசித்தார், பேசினார். பிறகு, "எல்லாரும் சேந்து சொல்லுவோம்," என்று, சபையில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து சொன்னார்கள். தெரியாதவர்கள் பேசாமல் நின்றார்கள்.

பூவம்மாளின் உதடு அசைந்தது. அது அவளுக்கே ஆச்சரியம். யாரும் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அடுப்பங்கரையில் குந்தி சாமுவேல் தினமும் சொன்னது இதுதான் என்று இப்போது தெரிந்தது. சத்தமாகச் சொல்லாவிட்டால் மறந்துவிடும் என்று அவன் சத்தமாகவே சொல்வான். புகையை ஊதிக்கொண்டும் அவனை ஏசிக்கொண்டும் இருந்த அவளுக்குள் அது எப்போதோ முழுசாகப் போய் உட்கார்ந்திருந்தது. முதலில் உதட்டுக்குள் சொன்னாள். அப்புறம் அவன் குரலே கூட வருவதுபோல் இருக்கவும், வாய்விட்டே சொன்னாள்.

அன்றன்றைக்கு வேண்டிய சோற்றைக் கேட்கும் இடம் வந்தது. எல்லாரும் 'எங்களுக்குத் தாரும்' என்று கேட்டுவிட்டு மேலே போனார்கள். பூவம்மாள் மட்டும் நடுவில், "பூவம்மாளுக்கும்" என்றாள். அவள் குரல் தனியாகக் கேட்டது.

உபதேசியார் நின்றுவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக் கண்ணைத் திறந்தார்கள்.

"இன்னாம்மா சொன்னீங்க?"

"பேரு சொன்னேன்." பூவம்மாள் எல்லாரையும் பார்த்தாள். "ஏன், பேரு சொல்லக் கூடாதா? அவரு தினம் சொல்வாரே. எங்க கங்கையம்மன் கோயில்ல பூசாரி வூட்டுக்கு வூடு பேரைச் சொல்லித்தான் தீவாரனை காட்டுவாரு. இங்கயும் அந்த மாதிரி, வூட்ல இருக்கறவங்க பேரைச் சொல்லணும்னு நெனைச்சேன்."

"இந்த ஜெபத்துல யார் பேரும் வராதும்மா."

"வராதா?"

"வராது. அவராத்தான் சேத்துக்கினு இருக்காரு."

உயிரோடு இருந்தவரை சாமுவேல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. புள்ள என்பான், இந்தா என்பான். அவள் பேர் அவன் வாயில் வந்தது விடியற்காலையில் அந்த ஓர் இடத்தில்தான். சண்டைக்குப் பிறகு 'பட்டினி கிடந்தா தெரியும்' என்று அவள் கத்தின நாளிலும் அந்தப் பேர் வந்திருக்கிறது. ஒரு சமயம் தோல் வியாபாரம் படுத்து ஷாப்புகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தெருவில் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போனார்கள். அப்போதும் அவள் ஒரு நாள்கூடச் சாப்பிடாமல் படுத்ததில்லை. எங்கிருந்தோ கேழ்வரகு வரும், யாராவது கீரை கொடுப்பார்கள், கடைக்காரன் போனால் போகிறது என்று நொய் அளந்து போடுவான். எல்லாம் தன் சாமர்த்தியம் என்று கிணற்றடியில் நின்று பெருமை பேசியிருக்கிறாள். அவள் பேரைச் சொல்லி ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கேட்ட இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. பூட்டின கதவுக்கு உள்ளே ஆள் இருக்கிறார் என்று அவன் சொன்னது சும்மா இல்லை.

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே அண்ணாந்து உபதேசியாரைப் பார்த்தாள்.

"இனிமே என் பேரை ஆண்டவருகிட்ட யாரு சொல்லுவாங்க ஐயா?"

உபதேசியாருக்கு வாய் நிறைய வசனம் தெரியும். அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்திலிருந்தே ஜெபத்தைத் திரும்பவும் ஆரம்பித்தார். சோறு கேட்கும் இடத்தில், "பூவம்மாளுக்கும்" என்று நிறுத்திச் சொன்னார். கூட்டமும் அவரோடு சொன்னது. ஜெபம் தெரியாத ஆதிகேசவனும் அந்த ஒரு வார்த்தையை உரக்கச் சொன்னான்.

பூவம்மாள் கண்ணைத் துடைத்தாள். ஜெபம் அந்த இடத்தைத் தாண்டிப் போகுமுன், பசியில் முகம் வாடித் தன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரியை நிமிர்ந்து பார்த்து, "கெங்கம்மாளுக்கும்," என்றாள்.